கொலுவுக்கு வந்தவங்க வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?

கேள்வி: கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ல சொந்த வீட்ல இருக்கோம் சார். நவராத்திரி கொலுவுக்கு ஃப்ரெண்ட கூப்பிட்டிருந்தேன், அவ மாமியாரும் வந்தாங்க. கீழ் பாத்ரூம்ல, நம்ம வீடுன்னா பக்கெட்டும் மக்கும் இருக்குமே, டைல்ஸ்ல தண்ணி நின்னிருக்கு, மாமி வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு. இப்போ அவங்க மெடிக்கல் இன்சூரன்ஸ்லேர்ந்து எங்க விழுந்தீங்க, யார் வீடுன்னு ஃபார்ம் வந்திருக்காம். என் மேல கேஸ் போடுவாங்களா? என் வீட்டுக்காரர் 'ரோட்ல விழுந்ததா எழுத சொல்லு'ங்கறார்.
- வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: மொதல்ல வீட்டுக்காரர் ஐடியாவ இன்னிக்கே மறந்துடுங்கம்மா. இன்சூரன்ஸ் ஃபார்ம்ல பொய் எழுதினா அது ஃப்ராடு, மாட்டிக்கப்போறது உங்க ஃப்ரெண்ட் குடும்பம். ஃபார்ம் வந்ததாலயே கேஸ்னு அர்த்தம் இல்ல, இந்த பில்ல வேற யார் தலையிலயாவது கட்ட முடியுமான்னு அந்த கம்பெனி பாக்குது, அவ்ளோதான்.

நீங்க பொறுப்பான்னா, இருக்கலாம். பழைய சட்டத்துல கடைக்கு வந்த கஸ்டமருக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு கணக்கு. கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு 1968-ல 'ரோலண்ட் எதிர் கிறிஸ்டியன்' கேஸ்ல அந்த பாகுபாட்ட தூக்கிடுச்சு. அதுவும் பாத்ரூம் சமாச்சாரம்தான் பாருங்க, குழாயோட பீங்கான் கைப்பிடி விரிசல் விட்டிருக்கு, அது அந்த வீட்ல இருந்த கிறிஸ்டியன் அம்மாவுக்கு தெரியும், கட்டட ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லியும் இருக்காங்க, ஆனா விருந்தாளியா வந்த ரோலண்ட்கிட்ட 'பாத்து தொறங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லல, கைப்பிடி உடைஞ்சு அவர் வலது கை நரம்பே அறுந்துபோச்சு. கீழ் கோர்ட்டு கேஸ் நிக்காதுன்னுச்சு, சுப்ரீம் கோர்ட்டு விசாரிச்சே ஆகணும்னுடுச்சு. இத்தனைக்கும் அந்தம்மா வாடகைக்கு இருந்தவங்க!

அதனால உங்ககிட்டயும் இதத்தான் கேப்பாங்க: தரை ஈரம்னு தெரியுமா, அத்தன பேர் வந்து போனப்போ நடுவுல யாராவது தொடச்சீங்களா, கால்மிதி போட்டிருந்துதா. நம்ம ஊர் பாத்ரூம் மாதிரி இங்க தரையில தண்ணி போக ஓட்டை கிடையாது, மக்கு வச்சா தண்ணி நிக்கும்னு தெரியாதுன்னு நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மாமி மேலயும் கவனக்குறைவு இருந்தா அந்த அளவுக்கு தொகை குறையும்.

இப்போ ஹோம் இன்சூரன்ஸ் பாலிசிய எடுங்க. 'மெடிக்கல் பேமென்ட்ஸ்'னு ஒரு வரி இருக்கும், தப்பு யாருதுன்னே பாக்காம வந்தவங்க வைத்திய செலவுக்கு குடுக்கறது, சாதாரணமா 1,000லேர்ந்து 5,000 டாலர். அதுக்கு மேலன்னா லயபிலிட்டி கவரேஜ், அதாவது தப்பு உங்களுதுன்னு ஆனா நஷ்டஈடு குடுக்கறது, பெரும்பாலும் 1 லட்சம் டாலர்லேர்ந்து ஆரம்பம். ஏஜென்ட்டுக்கு இன்னிக்கே போன் போட்டு நடந்தத சொல்லுங்க, லேட் பண்ணா அதயே சாக்கு வச்சு இழுப்பாங்க. (உங்க அப்பா அம்மா வந்து உங்ககூடவே தங்கியிருந்து விழுந்தா கதை வேற, வீட்டோட இருக்கற உறவுக்காரங்களுக்கு இந்த கவரேஜ் பெரும்பாலும் வராது, அதையும் கேட்டு வச்சுக்குங்க.)

நாளைக்கே கேஸ் வந்தாலும் பேப்பர்ல உங்க பேர்தான் இருக்கும், அத பாத்து பதறிப்போய் பேச்சுவார்த்தைய நிறுத்தினவங்க நெறைய பேர் எனக்கு தெரியும். கவரேஜ் இருந்தா வக்கீல் வைக்கறதும், லிமிட் வரைக்கும் பணம் கட்டறதும் கம்பெனி வேலை. மாமிக்கு கேஸ் போட 2 வருஷம் டைம் இருக்கு. நானா இருந்தா அது வரைக்கும் வயித்துல புளிய கரைச்சுக்கிட்டு இருக்காம, மாமிய போய் பாத்துட்டு பாலிசி நம்பரயும் குடுத்துட்டு வந்துடுவேன்.

கேள்வி: எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல. விருந்தாளிய கடிச்சா 'முதல் தடவ'ன்னு தப்பிக்கலாமா?
- வாசகர், சான் ஹோசே

பதில்: முடியாது. கலிஃபோர்னியா சிவில் சட்டம் 3342-வது பிரிவுப்படி முதல் கடியே ஓனர் கணக்குதான். பாலிசில நாய்க்கு விலக்கு போட்டிருக்கான்னு பாருங்க, சில கம்பெனி சில ஜாதி நாய சேக்கறதே இல்ல.