ஸ்டென்ட் வைத்தவர் ஆர்ஜினின் பவுடர் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் சேர்த்து விற்கும் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர் 'எல்-ஆர்ஜினின்' பவுடர் டப்பாவை என்னிடம் விற்று, "அடைப்பு கரைந்துவிடும், மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்திவிடலாம்" என்கிறார். சாப்பிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரித்திருந்தால் காசு போனது போகட்டும்.

ஆர்ஜினின் ஓர் அமினோ அமிலம். நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது. வேர்க்கடலையிலும் நிறைய உண்டு. அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. உறவினர் இதையும் சொல்லியிருப்பாரே? பரிசு கண்டுபிடிப்புக்கு, அவர் விற்கும் டப்பாவுக்கு அல்ல. குழாய் தளர்வது வேறு, அடைப்பு கரைவது வேறு.

உங்களைப் போல மாரடைப்பு வந்த 153 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஆர்ஜினின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத டம்மி. ரத்தக் குழாயிலும் முன்னேற்றம் இல்லை, இதயத்திலும் இல்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். மற்ற பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதானே, தற்செயலாக இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். பலனே இல்லாத ஒன்றுக்காக உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

இந்தச் சங்கிலித் தொடர் வியாபாரம்தான் எனக்கு எரிச்சல். இன்று உங்களுக்கு விற்பார். அடுத்த மாதம் "நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்பார். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். சட்டப்படி அது மருந்தல்ல, உணவு. அந்த வரியைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, வாயால் என்னென்னவோ சொல்லி விற்கிறார்கள், கேட்க நாதியில்லை.

உடனே ஒருவர் கேட்பார்: "என் மகளுக்கு மகப்பேறு மருத்துவரே ஆர்ஜினின் பாக்கெட் எழுதிக் கொடுத்தாரே?" ஆமாம், குழந்தை வளர்ச்சி குறைவாக இருந்தால் சிலர் எழுதுகிறார்கள். அது கர்ப்பிணிக்கு, மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட அளவில். அந்தச் சீட்டை வைத்து அப்பா வாங்கிச் சாப்பிடக் கூடாது. மிச்சமான பாக்கெட்டையும் கூடாது.

அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். ஏற்கெனவே பவுடர் சாப்பிட்டிருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ எடுப்பவர் என்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். தலை சுற்றினால் உடனே மருத்துவரிடம் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.