பத்துக்குப் பத்து பொருந்தியும் ஏன் இப்படி? நர்ஸ் அக்கா பதில்கள்

(ரத்தம் உண்டாக்கும் மூல செல்லான ஸ்டெம் செல் மாற்று வார்டில் பல வருடம் வேலை பார்த்த தண்டையார்பேட்டை அக்கா, வடசென்னைக் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ராயபுரம் தம்பி: அண்ணனுக்கு நான்தான் ஸ்டெம் செல் கொடுத்தேன். 10/10 பொருத்தம் என்றார்கள். அப்புறம் எப்படி ஜிவிஎச்டி (கொடுத்தவரின் செல்கள் வாங்கியவரின் உடம்பைத் தாக்கும் நோய்) வந்தது?

அந்தப் பத்து, எச்எல்ஏ (செல்களின் மேலிருக்கும் அடையாளக் குறிகள்) கணக்கு மட்டும்தான் தம்பி. அதற்கு வெளியேயும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. உங்கள் டி செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) அதைப் பார்த்து அண்ணன் உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்குகின்றன: தோல், குடல், கல்லீரல். உங்கள் மேல் தப்பே இல்லை. மிச்சமிருக்கும் புற்றணுக்களை அடிப்பதும் இதே செல்கள்தான். அதனால்தான் டாக்டர்கள் இவற்றை ஒரேயடியாக ஒழிக்காமல் அடக்கி வைக்கப் பார்க்கிறார்கள்.

வியாசர்பாடி: மாமியாருக்கு மாற்று முடிந்து இரண்டு மாதம். உள்ளங்கை, காதெல்லாம் சிவந்திருக்கிறது. வீட்டில் அம்மை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தவே கூடாதும்மா. வாசலில் வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும், மாத்திரை உள்ளே போகணும். உள்ளங்கை, உள்ளங்கால், காது, கழுத்து, இங்கெல்லாம்தான் தோல் ஜிவிஎச்டி பெரும்பாலும் தலைகாட்டும். மருந்து அலர்ஜியாகவும் இருக்கலாம், நிஜமாகவே அம்மையாகவும் இருக்கலாம். அம்மை என்றால் இவருக்கு அதற்கும் அவசரமாக மருந்து வேண்டும். தேவைப்பட்டால் தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். டி செல்களை அடக்கும் மாத்திரையான சைக்ளோஸ்போரினை நீங்களாக நிறுத்தினால் தாக்குதல் கூடும். இன்றைக்கே கூட்டிப் போங்கள். தண்ணீராகப் பேதி போகிறதா, கண் மஞ்சளா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். முதலில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள்; கேட்கவில்லை என்றால் ருக்சோலிடினிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

காசிமேடு: மாற்று முடிந்தவருக்கு மீன் கொடுக்கலாமா? அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கேட்டு அடம்பிடிக்கிறார்.

புது மீன், நன்றாக வெந்த குழம்பு, சரி. அத்தோவில் பச்சை முட்டைகோஸ், பச்சை வெங்காயம், இப்போதைக்கு வேண்டாம். பம்ளிமாஸும் கூடாது, சைக்ளோஸ்போரின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பெரம்பூர்: நூறு நாள் தாண்டிவிட்டோம். இனிப் பயமில்லையே?

அப்படிச் சொல்ல முடியாது. நாட்பட்ட வகை ஜிவிஎச்டி மாதங்கள் கழித்தும் வரும். கண் உறுத்தும், ரசம் பட்டாலே வாய் எரியும், தோல் இறுகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை மட்டும் வயசு என்று தள்ளாதீர்கள். நுரையீரல் சோதனை அவசியம். வெயில் தோல் ஜிவிஎச்டியைக் கிளப்பிவிடும். குடை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

தண்டையார்பேட்டை: ரத்தம் ஏற்றணுமாம். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் தயார்.

நல்ல மனசு. ஆனால் ஏற்றும் ரத்தத்திலும் டி செல் இருக்கும், அதுவும் நோயாளியின் உடம்பைத் தாக்கும். டி செல்லை முடக்க, கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் வேண்டும், சொந்தக்காரர் ரத்தம் என்றால் இன்னும் கண்டிப்பாக. வேறு ஆஸ்பத்திரியில் ஏற்ற நேர்ந்தால் மாற்று நடந்ததை முதலில் சொல்லுங்கள்.