நின்ற காரில் உரசிவிட்டேன்; நாற்பதாயிரம் கேட்கிறார்!

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். அமாவாசையன்று குடும்பத்துடன் தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது காரைப் பின்னால் எடுக்கையில், நின்றிருந்த இன்னொரு காரின் பின்கதவில் உரசிவிட்டேன். உள்ளே யாரும் இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். மறுநாள் இரவு அதன் உரிமையாளர் தெரிந்தவர்கள் மூலம் என்னைத் தொடர்புகொண்டு 40,000 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் ‘இடித்துவிட்டு ஓடிய வழக்கு’ போடுவாராம். என்ன செய்வது?

பதில்: அந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். அடையாளம் தெரியாத வண்டி இடித்து ஒருவர் இறந்தாலோ கொடுங்காயம் அடைந்தாலோ இழப்பீடு தருவதற்குத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ‘இடித்துவிட்டு ஓடுதல்’ பற்றிப் பேசுகிறது. கதவில் விழுந்த கீறலுக்கு அது பொருந்தாது.

ஆனால் சொல்லாமல் கிளம்பியது தவறுதான். பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 134-ஆவது பிரிவு. மீறினால் 187-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘கோயில் வாசல்தானே, சாலை இல்லையே’ என்ற வாதமும் எடுபடாது. பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள எந்த இடமும் பொது இடமே. ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான் என்றாலும் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? கெடு தாண்டியிருந்தாலும் நாளைக் காலையே போய், நடந்ததை எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) வாங்கிவிடுங்கள். தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. அங்கே பஞ்சாயத்து பேச யாராவது உட்கார்ந்தால் நாகரிகமாக எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பணம். ஒரு கதவுக்கு 40,000 என்பது எனக்கு நெருடுகிறது. அந்தக் காரை நேரில் பாருங்கள். நம் கடற்கரையில் உப்புக்காற்று பட்ட கார்களில் கதவின் அடிவிளிம்பு பெயிண்டுக்குள்ளேயே பொரிந்து, தட்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தப் பழைய துருவுக்கும் சேர்த்து உங்கள் செலவில் பெயிண்ட் அடிக்கப் பார்ப்பது இங்கே புதிதல்ல. உங்கள் பம்பரின் உயரமும் அந்தக் கீறலின் உயரமும் பொருந்துகிறதா என்று டேப் வைத்து அளந்து, இரண்டையும் படமெடுங்கள். புதுக் கீறலும் இங்கே சில நாட்களில் துருப்பிடித்துவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

பணம் தருவதற்கு முன் உங்கள் பாலிசியைப் படியுங்கள். நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ பணம் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கும். கைக்காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு காப்பீட்டில் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டு (பிறருக்கு நேரும் சேதத்துக்கு உங்கள் பாலிசி தரும் பாதுகாப்பு) வழியில் போனால், எதிர்த்தரப்பு ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். ஒரு கீறலுக்காக அவர் அவ்வளவு தூரம் அலைவாரா என்பது சந்தேகமே. உங்கள் காரின் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் செய்தால், அடுத்த ஆண்டு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். சிறு சேதம் என்றால் விட்டுவிடுவதே லாபம்.

என் யோசனை: காப்பீட்டில் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்தால், ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கதவுக்கு மட்டும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை ஒர்க்‌ஷாப்பின் வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். ரொக்கம் வேண்டாம். இரு வண்டிகளின் எண், தேதி, இடம், தொகை, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி ஆகியவற்றுடன் ஒரு தாள் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, புகாரை முடித்துவைக்கக் கேளுங்கள்.