நாளைக்கு என்ன கொண்டுபோகணும்? – வாசகர் கேள்வி பதில்

மலைப்பகுதித் தொடக்கப்பள்ளிகளின் அன்றாட நடைமுறைகளை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் பகுதியில் எங்கள் ஈராசிரியர் பள்ளி இருக்கிறது. எல்லாத் தகவலையும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அப்படியும் பாதிப் பிள்ளைகள் கேட்ட பொருள் இல்லாமல் வருகிறார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லையா? – ஒரு தலைமையாசிரியர்

பதில்: முதலில் அந்தச் செய்தி யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் பெரும்பாலும் அப்பாவின் எண் இருக்கும். அவர் திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருப்பார். அம்மா விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். பிள்ளைக்குத் தலை சீவி, பை மாட்டி அனுப்புவது பாட்டி. அவருக்குத்தான் செய்தி போயிருக்காது. ஜூன் மாதம் சேர்க்கையின்போதே "காலையில் பிள்ளையைக் கிளப்பி விடுவது யார்?" என்று கேட்டு, அவர் எண்ணையும் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது நேரம். காலை ஒன்பது மணிக்குப் போடும் செய்தியைத் தோட்டத்தில் இருப்பவர் பார்க்க முடியாது. பல சரிவுகளில் சிக்னலும் கிடைக்காது. மாலை பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டிய பிறகு, ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் அனுப்புங்கள். வீட்டில் இருக்கும் பொருள் என்றால் முதல் நாள் சொன்னால் போதும். கடையில் வாங்க வேண்டியது என்றால் இடையில் ஒரு சந்தை நாளாவது இருக்க வேண்டும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் பணம் செலவாகும் எதையும் கேட்காமல் இருப்பது நல்லது. கைவேலைக்குப் பழைய தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொல்வதையும் விடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. பாட்டி எங்கே தேடுவார்?

மூன்றாவது, வாசகம். "மாணவர்கள் உரிய உபகரணங்களுடன் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதைப் படித்து யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாளை புதன்கிழமை. மூன்றாம் வகுப்புக்கு மட்டும். ஒரு பழைய செய்தித்தாள், கலர் பென்சில். கலர் பென்சில் இல்லாவிட்டால் பரவாயில்லை, பள்ளியில் இருக்கிறது. சாயங்காலம் எப்போதும் விடும் நேரம்தான்." எந்த நாள், யாருக்கு, என்ன பொருள், இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. இதையே முப்பது நொடிக்குள் குரல் பதிவாகப் பேசி அனுப்பினால் எழுத்து தெரியாதவரும் கேட்டுக்கொள்வார்.

குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். நாற்பது "ஓகே சார்", இருபது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போன செய்தியை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு லைனுக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) ஒரு அம்மாவைப் பொறுப்பாக்கலாம். எட்டுப் பத்து வீட்டுக்கு வாய்வழியாகச் சொல்வது அவருக்குச் சிரமமாக இருக்காது. அதற்கு மேல் சுமத்தாதீர்கள்.

மறுநாள் எத்தனை பிள்ளைகள் கொண்டுவந்தார்கள் என்று எண்ணுங்கள். நான்கில் மூன்று பங்குக்குக் குறைந்தால் கோளாறு செய்தியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவராத பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பது மட்டும் கூடவே கூடாது. ஆறு வயதுக் குழந்தை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் தூது போக முடியாது.

கேள்வி: வரும் ஜூனில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறேன். வீட்டில் என்னென்ன பழக்க வேண்டும்? – ஒரு தாய், குன்னூர்

பதில்: எழுத்தைப் பள்ளியில் கற்றுக்கொள்வாள். நீங்கள் கைவேலைகளைப் பழக்குங்கள். டிபன் பாக்ஸைத் தானே திறந்து மூடுவது, ஸ்வெட்டரைக் கழற்றிக் கையை நேராக்கி மடிப்பது, ஷூவை இடம் வலம் பார்த்துப் போடுவது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்பது, கால் கழுவிக்கொள்வது. இரண்டு வாரம் முன்பே தினமும் பள்ளி நேரத்துக்கே எழுப்பிப் பழக்குங்கள். குளிரில் போர்வைக்குள்ளிருந்து முதல் நாளே கிளப்பினால் அழுகைதான் மிஞ்சும்.

அரசுப் பள்ளி என்றால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவு உண்டு. வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள். மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சாப்பாடு தப்பிவிடும். உணவு தரும் நேரத்தைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை மாதங்களில் சீருடை காய இரண்டு மூன்று நாள் ஆகும். ஈர உடையோடு அனுப்பாதீர்கள். "காயவில்லை, மாற்று உடையில் அனுப்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்பலாம். பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும். பள்ளிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வகுப்பின் பின்சுவரில் ஒரு கொடி கட்டிவிட்டால் நனைந்த சாக்ஸும் குல்லாயும் அதில் தொங்கும்.

கேள்வி: மழை விடுமுறை என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி பொய்யாக இருக்கிறது. எதை நம்புவது? – ஒரு வாசகர், கூடலூர்

பதில்: விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். வரும் செய்தியில் மூன்றைப் பாருங்கள்: தேதி, தாலுகா, எந்த வகுப்புவரை என்பது. நீலகிரியில் உதகை, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெறும் தூறலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். அதனால் பல நேரம் ஒரு தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை வரும். அதை மாவட்டம் முழுதுக்கும் என்று பரப்பிவிடுவார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததை நினைத்தால், மழையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

பள்ளி செய்ய வேண்டியது, காலையில் குறித்த ஒரு நேரத்தில் "இன்று பள்ளி உண்டு" அல்லது "இல்லை" என்று ஏதாவது ஒன்றை அனுப்புவது. பள்ளி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். செய்தி வராவிட்டால் விடுமுறை என்று சிலரும் பள்ளி என்று சிலரும் நினைப்பார்கள். அறிவிப்பு தாமதமானால், அதற்குள் கிளம்பிவிட்ட பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியராவது பள்ளியில் இருக்க வேண்டும். நடுப்பகலில் விட நேர்ந்தால் தனியாக அனுப்பவே கூடாது. யாரிடம் ஒப்படைக்கலாம் என்று இரண்டு பெயர் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

யானை விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வழியில் யானையோ காட்டுமாடோ நின்றால் பிள்ளைகள் காத்திருக்கட்டும், தாமதத்துக்குத் திட்டு கிடையாது என்று ஜூன் மாதமே வீட்டாரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைகள் தேயிலைக்குள் குறுக்கு வழியில் புகுந்து ஓடுகிறார்கள்.

கேள்வி: காய்ச்சல் என்றால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? – ஒரு தந்தை, பூம்பாறை

பதில்: மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். வாந்தி, பேதி நின்று ஒரு நாளாவது ஆகட்டும். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள்வரை வீட்டில் இருக்க வேண்டும். வெறும் சளிக்கும் பேனுக்கும் நிறுத்த வேண்டாம். மாத்திரையைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். இன்னொரு பிள்ளை எடுத்து விழுங்கிவிடும். ஆசிரியர் கையில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பணியர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம். கூட்டத்துக்கு வரும் பெற்றோர் வாயே திறப்பதில்லை. – ஓர் ஆசிரியை, பந்தலூர்

பதில்: மேடை போட்டு, நாற்காலி வரிசை போட்டு, அறிக்கை வாசித்தால் யாரும் பேச மாட்டார்கள். தரையில் வட்டமாக உட்காருங்கள். பிள்ளையின் நோட்டை விரித்துக் காட்டி, அவர்கள் மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்தால் தன்மீதான குறையை அது சொல்லாது, பெற்றோரும் கூசிப்போவார்கள். வீட்டுக்கு நேரில் போவது இதைவிட நன்றாகப் பலன் தரும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதுகாவலரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும். அந்த இடங்களில் பணியர் தாய்மார் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் எவ்வளவு தரலாம்? – ஒரு பெற்றோர், கொடைக்கானல்

பதில்: தரவே வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் கூடாது என்றும், பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோ. மேட்டில் ஏறி நடக்கும் பிள்ளையின் பையை, தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வைத்து, ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.