வாலிபால் ஆடிப் பழகிய கைக்கு வீ டென்னிஸில் பலன் உண்டா?

கீழக்கரைக் கடற்கரையில் வாலிபாலில் அசத்தும் தம்பி, நின்டெண்டோவின் வீ என்ற வீடியோ கேம் கருவியில் ஆடும் வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் தங்கையிடம் ஏன் தோற்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ஆட்டக்காரரை ஓடவைப்பது கருவியே. நம் கையில் இருப்பது வீசும் நேரம்தான். வலக்கைக்காரர் தன் வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும்போது முந்தினால் பந்து இடப்பக்கம் போகும், பிந்தினால் வலப்பக்கம். 2006-இல் வீயோடு வந்த, கையில் பிடித்து வீசும் ரிமோட்டில் அசைவை அளக்க முடுக்கமானி (வேக மாற்றத்தை உணரும் சில்லு) மட்டுமே. சுழற்சியை அளக்கும் கைரோ 2009-இல் மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவியோடுதான் வந்தது. அதனால் தம்பி அடிப்பதற்காகத் தோளைப் பின்னுக்கு இழுப்பதையே கருவி அடியாக எடுத்துக்கொள்ளலாம். தங்கையோ மணிக்கட்டைச் சுண்டுகிறாள், அதுவே போதும். பந்தின் வேகத்தைக் கணிக்கும் அவன் கண் மட்டும் கண்டிப்பாக உதவும்.

2010-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் கருவிக்கு வந்த கினெக்ட் வேறு வகை. கேமரா முழு உடம்பையும் பார்ப்பதால் அங்கே குதிக்கத்தான் வேண்டும்.

நம் கடலோரப் புழுக்கத்தில் கை வியர்த்து ரிமோட் நழுவும். மணிக்கட்டு வாரை மாட்டாமல் ஆடவே வேண்டாம், டிவி உடையும்.