லக்கேஜ் கட்டணமும் வாசல் செக்-இன்னும்: கவுண்டர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

விமான நிறுவனங்கள் லக்கேஜ் விதிகளை இறுக்கிக்கொண்டே வருகின்றன. டெர்மினல் வாசலிலேயே பெட்டியை வாங்கி டேக் போடும் முறையைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. கோவை, சேலம் விமான நிலையங்களில் கவுண்டர், கேட், லோடிங் வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தரைப்பணியில் பயிற்சி கொடுக்கும் மூத்த பணியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சின்னியம்பாளையம், செக்-இன் கவுண்டர்: அண்ணா, இலவசமா விடற 15 கிலோவுக்கு மேல 200 கிராம் காட்டினாலே எக்ஸஸ் (கூடுதல் எடைக் கட்டணம்) போடச் சொல்றாங்க. "உங்க தராசே சரியில்லை"ன்னு பயணி சத்தம் போடறார். என்ன சொல்றதுங்க?

தராசைப் பற்றிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கு, அம்மிணி. எடைக்குக் காசு வாங்கும் எலெக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்கணும். தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கு. சான்றிதழ் நகலை டிராயரில் பூட்டி வைக்காமல் பயணி கண்ணில் படுகிற மாதிரி ஒட்டச் சொல்லுங்க. பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

100 கிராம் படியில் காட்டும் சாதாரண வணிகத் தராசு, 50 கிலோ வரைக்கும் 100 கிராம் கூடவோ குறையவோ காட்டலாம் என்று விதியே இடம் கொடுக்குது. ஆகவே 15.1 காட்டும் பெட்டிக்குக் காசு கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. 15.2-க்குக் கேட்பதா, அரைக் கிலோவை முழுக் கிலோவாக்குவதா என்பதை நிர்வாகம் எழுத்தில் தரணும். கவுண்டரில் நிற்கிற பொண்ணு அந்த முடிவை எடுக்கிற நிலைமை வரவே கூடாது. எல்லாச் சண்டையும் அங்கேதான் பிறக்குது.

ஷிஃப்ட் தொடங்கும்போது பெல்ட் காலியாக இருக்கையில் 0.0 காட்டுதா பாருங்க. ஒரே பெட்டியை ரெண்டு கவுண்டரில் வைத்து, வித்தியாசம் 200 கிராமைத் தாண்டினால் ரெண்டில் ஒரு தராசு தப்பு. எது என்று தெரிகிற வரைக்கும் ரெண்டிலும் எடைக்குக் காசு வாங்காதீங்க. பெரும்பாலும் தப்பு எந்திரத்தில் இருக்காது, பெட்டியை வைக்கும் விதத்தில்தான் இருக்கும். பெட்டியின் சக்கரமோ தோளில் மாட்டும் வாரோ ஓரத்து ஸ்டீல் சட்டத்தில் சாய்ந்தால் எடை குறையும். பயணி கைப்பிடியை அழுத்திப் பிடித்து நின்றால் கூடும். பெட்டியைப் படுக்க வைத்து, "கையை எடுத்துக்கங்க சார்" என்று சொல்லி, எண் ஆடாமல் நின்ற பிறகு படிங்க. அந்த எண்ணைப் பயணியும் பார்க்கணும்.

பீளமேடு, கவுண்டர்: தெரிஞ்சவங்க வந்தா விட்டுடச் சொல்றாரு சூப்பர்வைசர். அப்புறம் கணக்குல என்னைக் கேக்கறாங்க.

விடச் சொன்னவர் அவருடைய ஐடியில் லாகின் செய்து தள்ளுபடியைப் பதியட்டும். முடியாது என்றால் பயணியின் புக்கிங்கில் ரிமார்க் போடுங்க: எத்தனை கிலோ, யார் சொன்னது, மணி என்ன. வாய்ச்சொல்லுக்கு ஆதாரம் கிடையாதுங்க.

சூலூர், தரைப்பணி: வாசல்ல மேஜை போட்டு பெட்டி வாங்கப் போறோம்னு எங்க கம்பெனியில சொல்றாங்க. உள்ளே செய்யற அதே வேலைதானே?

இல்லைங்க. உள்ளே தரை சமமாக இருக்கும். வாசல் ரோடு மழைத்தண்ணி ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டிருக்கும். சரிவில் வைத்த தராசு தப்பாகத்தான் காட்டும். மேடைத் தராசில் குமிழ் மட்டம் ஒன்று இருக்கும். குமிழ் வட்டத்துக்கு நடுவில் வருகிற வரை நாலு காலையும் திருகிச் சரிசெய்யணும். தராசை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் இதைத் திரும்பச் செய்யணும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பெரிய பெட்டி மேல் காற்று மோதி எண் நிற்காது. காற்று வரும் பக்கம் தடுப்பு வைக்கச் சொல்லுங்க.

டேக் ரோல் சூட்டில் அச்சாகும் காகிதம். சித்திரை வெயிலில் மேஜை மேல் கிடந்தால் கருத்துப்போய் பார்கோடு படிக்காது. நிழலில் மூடி வையுங்க. கைப்பிடியில் தூசியோ ஈரமோ இருந்தால் பசை பிடிக்காது. துணியால் துடைத்துவிட்டு, ரெண்டு முனையையும் நேராகச் சேர்த்து ஒட்டுங்க, பார்கோடு மடிப்பில் விழக் கூடாது. பழைய டேக்கையும் அதன் சின்ன ஸ்டிக்கர்களையும் கிழித்துவிடுங்க. ஸ்கேனர் பழைய பார்கோடைப் பிடித்தால் பெட்டி தப்பான வழியில் போய்விடும்.

முக்கியமான சிக்கல் பாதுகாப்பில்தான் வரும். உங்களிடம் பெட்டி கொடுத்த ஆள் இன்னும் வாசல் காவலைத் தாண்டவில்லை. டிக்கெட்டில் பேரும் அடையாள அட்டையில் பேரும் ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்பப்பட்டால், அவர் பெட்டி மட்டும் உள்ளே இருக்கும். ஏறாத பயணியின் பெட்டி பறக்கக் கூடாது என்பதால் அதைத் தேடி இறக்கணும். அதனால் அடையாள அட்டை பார்த்த பிறகுதான் டேக். வாங்கிய பெட்டி எக்ஸ்ரேக்குப் போகிற வரை ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் நிற்கக் கூடாது. மேஜைக்கு ரெண்டு பேர் கட்டாயம் வேணும், ஒருத்தர் வாங்க, இன்னொருத்தர் கொண்டுபோக. ஒரே ஆளைப் போட்டால் மறுத்துப் பேசுங்க.

பின்னால் கார் ஹார்ன் அடித்தாலும் "நீங்களே பேக் பண்ணினீங்களா, பவர் பேங்க் இருக்கா, யாராவது ஏதாவது கொடுத்தாங்களா" என்ற கேள்விகளை விடக் கூடாது. அங்கே நிற்பவருக்கு ஆபத்தான பொருள் பயிற்சி 24 மாதத்துக்குள் புதுப்பித்திருக்கணும். உள்ளே கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன் மூடினால் வாசல் மேஜையை 90-லேயே மூடுவது நல்லது.

கோவை, பெட்டி தூக்கும் பணி: வாசல்ல பெட்டிக்கு இத்தனை ரூபான்னு கம்பெனியே வாங்கினா, பயணிங்க எங்களுக்குக் குடுக்கறது நின்னுடுமா?

நிற்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. அங்கே வாசலில் பெட்டி வாங்குபவர்களுக்குச் சம்பளம் குறைவு, வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ். 2005-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாசல் செக்-இன்னில் பெட்டிக்கு 2 டாலர் கட்டணம் கொண்டுவந்தது. பயணிகள் அந்த ரெண்டு டாலரே இந்த ஆட்களுக்குப் போகிறது என்று நினைத்து டிப்ஸை நிறுத்திக்கொண்டார்கள். பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 9 பேர் மாநில டிப்ஸ் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் ஜூரி அவர்களுக்கு 3,25,000 டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது: விமானச் சேவையின் விலையில் மாநிலச் சட்டம் தலையிட முடியாது என்பது காரணம்.

அதனால் கட்டணம் வருவதற்கு முன்னாலேயே கேளுங்க. "இந்தக் கட்டணம் நிறுவனத்துக்கு, பணியாளருக்கு அல்ல" என்று பலகையிலும் ரசீதிலும் தமிழில் இருக்கணும். அதைவிட முக்கியம், உங்கள் வருமானம் டிப்ஸை நம்பாமல் சம்பளத்திலேயே நிற்கணும். குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்குப் போடும்போது டிப்ஸைச் சேர்க்க விடாதீங்க.

காளப்பட்டி, போர்டிங் கேட்: எக்ஸஸ் கட்டணத்துக்குப் பயந்து எல்லாத்தையும் ஹேண்ட் பேக்கில் திணிச்சுட்டு வர்றாங்க. கேட்ல வந்துதான் மாட்டுது. எங்களுக்கே பயமா இருக்குதுங்க.

பயப்படுவதில் அர்த்தம் இருக்கு. 2025 ஜூலை 26-ல் ஸ்ரீநகரில், 7 கிலோ இருக்க வேண்டிய கைப்பை 16 கிலோ இருந்ததற்குக் காசு கேட்ட கேட் பணியாளர்களைப் பயணி ஒருவர் தாக்கினார். ஒருத்தருக்கு முதுகெலும்பு முறிவு, இன்னொருத்தருக்குத் தாடையில் அடி என்று விமான நிறுவனம் சொன்னது.

கேட்டில் பிடிப்பதே கடைசி வழியாக இருக்கணும். கவுண்டரிலேயே கைப்பையையும் எடைபோட்டு டேக் கட்டினால் முக்கால்வாசி அங்கேயே தீரும். மீறி வந்தால் தனியாக நின்று பேசாதீங்க, ரெண்டு பேராக, கேமரா பார்வையில் பேசுங்க. குரல் ஏறினதும் காசுப் பேச்சை நிறுத்தி சூப்பர்வைசரையும் சிஐஎஸ்எஃப் (விமான நிலையக் காவல் படை) ஆளையும் கூப்பிடுங்க. அந்த ஆயிரம் ரெண்டாயிரத்துக்காக ஒருத்தர் அடிபட வேண்டியதில்லை.

பையைக் கேட்டில் வாங்கிக் கீழே அனுப்புவதானால், அவர் கையாலேயே திறந்து பவர் பேங்க், மருந்து, நகை, பாஸ்போர்ட் எல்லாம் எடுக்க வையுங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் ஆள் பார்த்து அணைக்கலாம், கீழே ஹோல்டில் (பெட்டிகள் அடுக்கும் அறையில்) பார்க்க ஆளில்லை.

ஓமலூர், சேலம் விமான நிலையம்: சின்ன விமானத்துல கைப்பை 2 கிலோ கூட இருந்தா என்னங்க ஆயிடும்?

ஒரு பையில் ஒன்றும் ஆகாது. விமானத்தின் மொத்த எடையைக் கணக்குப் போடும் லோட் ஷீட்டில் பயணியின் எடை கைப்பையோடு சேர்த்து நிலையான கணக்காகவே போடப்படுது. 70 பேரும் 2 கிலோ கூடக் கொண்டுவந்தால் 140 கிலோ காகிதத்தில் இல்லாமல் பறக்கும். ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்தில் தலைக்கு மேல் பை வைக்கும் தட்டும் சின்னது, அதில் அடங்காத பை ஒன்றால் விமானக் கதவு மூடுவதே தள்ளிப்போகும்.

திருப்பூர், கவுண்டர் (ஒப்பந்தப் பணி): வசூல் குறைஞ்சா சம்பளத்துல பிடிப்போம்னு காண்ட்ராக்டர் சொல்றார். பிடிக்கலாமா?

இலக்கு எட்டவில்லை என்பதற்காகப் பிடிக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிய பணம் உங்கள் கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்தால்தான் பிடிக்கலாம். அதற்கும் முன்னால் உங்கள் விளக்கத்தைக் கேட்கணும். தொலைந்த தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்த்து ஊதியத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பில் வருவதால் புகார் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போகணும். சம்பளச் சீட்டு, ஷிஃப்ட் முடிவில் காசு ஒப்படைத்த ரசீது ரெண்டையும் போனில் படம் பிடித்து வைத்துக்கங்க. யுபிஐ, கார்டு மட்டும் வாங்கும்படி கேட்பது இன்னும் நல்லது. கையில் காசே இல்லையென்றால் குறையவும் வழியில்லை.

பொள்ளாச்சி, செக்-இன்: எங்க பக்கத்து ஆளுங்க தேங்காய், கொப்பரை கொண்டுவராம இருக்கமாட்டாங்க. எதை விடலாம்?

முழுத் தேங்காயை செக்-இன் பெட்டியில் வாங்கலாம், கையில் கூடாது. கொப்பரைக்கு ரெண்டிலும் இடமில்லை. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், அடைத்து வைத்தால் தானாகச் சூடேறி எரியும் வகைப் பொருள். சபரிமலை பக்தர்களின் நெய்த்தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2022, 2024 சீசன்களில் ஜனவரி 20 வரை தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். கார்த்திகை பிறந்ததும் அந்த வருஷத்து உத்தரவு வந்துவிட்டதா என்று பார்த்து, நகலை எக்ஸ்ரே பக்கத்திலும் கவுண்டரிலும் ஒட்டிவிடுங்க.