அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு வரை பரவிவிட்டது. "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க வலியில் முனகுகிறார். எங்களுக்கு மூன்று வழிகள் தெரிகின்றன: ஒரு டிரஸ்ட் நடத்தும் இலவச ஹாஸ்பிஸ் (கடைசிக் கால நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம்), வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனக் குழு, மாத பேக்கேஜ் பேசும் ஒரு ஹோம் கேர் கம்பெனி. மூவருமே 'பாலியேட்டிவ் கேர்' (வலியையும் அவஸ்தையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை) என்றுதான் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? நோய் பரவியதை அம்மாவிடம் இன்னும் நாங்கள் சொல்லவில்லை.
— சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மூன்று இடங்களுக்கும் போன் செய்தீர்கள் அல்லவா? அவர்கள் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்களிடம் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "எந்த ஏரியா? பன்னிரண்டு மணி நேரமா, இருபத்துநாலு மணி நேரமா? அட்வான்ஸ் எப்போ போடுவீங்க?" என்று மட்டும் கேட்டவர் ஆள் அனுப்புகிறவர். "வலி எங்கே? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்காங்க? மோஷன் போய் எத்தனை நாளாச்சு? இப்போ என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு ஒண்ணு?" என்று கேட்டவர் இந்த வேலை தெரிந்தவர். இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். கட்டடத்தையும் கையேட்டையும் பார்த்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேள்விகளை வைத்து எடை போட்டவர்கள் அவ்வளவாக ஏமாந்ததில்லை.

உங்கள் அம்மாவின் நோய்க்கென்றே கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. "கிரியாட்டினின் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று யாராவது கேட்டார்களா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. கருப்பை வாய்ப் புற்று பல நேரம் சிறுநீர்க் குழாயை நெருக்கும். அதனால் சிறுநீரகம் தளரும். தளர்ந்தால், கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் உடம்பில் தேங்கும். வழக்கமான அளவே அதிகமாகி, தூக்கத்திலேயே கிடப்பார், கைகால் திடுக் திடுக்கென்று வெட்டும். இது தெரிந்த டாக்டர் அளவைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

"கால் மரத்துப் போகுதா, நடக்கும்போது தள்ளாடுதா?" என்பது அடுத்த கேள்வி. முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குக் கால் திடீரென்று பலம் இழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அது அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். 'பாலியேட்டிவ் என்றால் இனி ஆஸ்பத்திரியே வேண்டாம்' என்று நினைக்கும் குழு இதைக் கோட்டைவிடும். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் ரேடியேஷன்கூடப் பலருக்கு நல்ல பலன் தரும். இதற்காக உங்கள் பழைய புற்றுநோய் மருத்துவரோடு அவர்களே பேசுவார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், கேட்கக் கூச்சமாக இருக்கும்: வெள்ளைப்படுதலும் நாற்றமும். அம்மாவே உங்களிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கலாம். அனுபவமுள்ள நர்ஸ் அவராகவே கேட்பார். மெட்ரோனிடசோல் மாத்திரை நாற்றத்தை வெகுவாகக் குறைக்கும். புண் வெளியே தெரிந்தால் அதே மாத்திரையைப் பொடித்துத் தூவுவதும் உண்டு. ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பார், அடர் நிறத் துண்டு இரண்டு கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும் என்பார். வெள்ளைத் துணியில் பரவும் ரத்தம் நோயாளியையும் பார்ப்பவரையும் எவ்வளவு கலங்கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஐந்து பைசா செலவில்லாத இந்த யோசனையைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை வீடுகளில் உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மார்ஃபின். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுதான் முதலாவது: "வாய்வழி மார்ஃபின் மாத்திரை உங்களிடமே இருக்கிறதா?" 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடிப்பவருக்குக்கூட மார்ஃபின் கிடைக்காத நிலை பல வருடம் நீடித்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயிற்சி பெற்ற டாக்டர் இருந்து, அங்கீகாரமும் பெற்ற மருத்துவ நிறுவனம் அதை வாங்கி வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாம். மாத்திரை விலையும் மலிவுதான். ஆகவே, புற்றுநோய் வலிக்குப் பாலியேட்டிவ் கேர் தருகிறோம் என்று பலகை மாட்டிவிட்டு மார்ஃபின் வைத்திருக்காத இடத்தையும், எங்கே கிடைக்கும் என்று சொல்லி வாங்கித் தரவும் ஏற்பாடில்லாத இடத்தையும் நான் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவேன். இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

"மார்ஃபின் வேண்டாம், பேட்ச் ஒட்டிடலாம்" என்பார்கள் சிலர். தோலில் ஒட்டி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் ஃபென்டானில் என்ற வலி மருந்துப் பேட்ச்சுக்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு. விழுங்க முடியாதவர்களுக்கு, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு. ஆனால் அது வேலை செய்யத் தொடங்கவே பல மணி நேரம் ஆகும். அடங்காத வலியோடு இருப்பவருக்கு அதை ஒட்டிவிட்டுப் போய்விட முடியாது. ஏன் பேட்ச் என்று காரணம் கேளுங்கள். "எங்களிடம் மார்ஃபின் இல்லை" என்பதுதான் உண்மையான காரணமென்றால் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

மருந்துச் சீட்டை வாங்கி நீங்களே பாருங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டியது. 'வலித்தால் மட்டும்' என்று எழுதியிருந்தால், காரணம் கேட்காமல் விடாதீர்கள். நேரத்துக்குத் தரும் அளவு ஒன்று, நடுவில் வலி எகிறினால் தர வேண்டிய கூடுதல் அளவு ஒன்று என இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கூடவே மலமிளக்கி. மார்ஃபின் தொடங்கி மலமிளக்கியை மறந்தவர், நோயாளியை இரண்டாவது வாரம் பார்த்ததில்லை என்று அர்த்தம். மலச்சிக்கலின் அவஸ்தை சில நேரம் புற்றின் வலியையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

அடுத்தது இரவு. மூன்று எண்களுக்கும் இன்றிரவு பத்து மணிக்கு மேல் ஒரு போன் போடுங்கள். நடிக்க வேண்டியதில்லை, அம்மாவுக்கு வலிதானே, அதையே சொல்லுங்கள். யார் எடுக்கிறார்? மருந்து அளவைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவரா, "காலையில ஆபீஸ் டைம்ல கூப்பிடுங்க" என்பவரா? 'இருபத்துநாலு மணி நேர சேவை' என்று அச்சடித்த ஒரு இடத்தில் ராத்திரி போனை எடுத்தவர் வாட்ச்மேன். அவர்தான் பாவம், எனக்கு மன்னிப்புக் கேட்டார். ராத்திரி நேரில் வர முடியாத குழுவைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அப்படி வரக்கூடிய குழுக்கள் குறைவு. ஆனால் போனில் வழி சொல்ல ஓர் ஆள், அவர் சொன்னதைச் செய்ய வீட்டிலேயே அவசர மருந்துகள் வைத்த ஒரு டப்பா, எது எதற்கு என்று தமிழில் எழுதிய ஒரு தாள் ஆகிய மூன்றும் இல்லாமல் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வது நியாயமில்லை.

ஹாஸ்பிஸுக்கு நேரில் போகும்போது, அவர்கள் சொன்ன நேரத்தில் போகாமல் சாப்பாட்டு வேளையில் போங்கள். ஏசி, டைல்ஸ் எதையும் பார்க்க வேண்டாம். நோயாளிகளின் உதடுகளைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் வாய் துடைத்துவிடக்கூட ஆளில்லை. தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? படுத்த படுக்கையாக இருப்பவரை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. "ஏர் பெட் போட்டிருக்கோம், திருப்ப வேண்டியதில்லை" என்றால் படுக்கைப் புண் பற்றி அவர்களுக்குப் பாதிதான் தெரியும். ராத்திரி நீங்கள் கூடத் தங்கலாமா? அம்மாவின் சாமி படத்தைத் தலைமாட்டில் வைக்கலாமா? மத அமைப்புகள் நடத்தும் இடங்களில் அருமையான சேவையைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாட்களில் யாருடைய பிரார்த்தனை என்பது மட்டும் நோயாளியின் விருப்பமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-ன்படி பெற்ற பதிவுச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். முதியோர் இல்லத்தின் வாசலில் ஹாஸ்பிஸ் என்று எழுதிவைத்திருக்கும் இடங்கள் அதிலேயே பிடிபடும்.

ஹோம் கேர் கம்பெனியைப் பற்றி: அவர்கள் அனுப்பும் அட்டெண்டர் குளிப்பாட்ட, திருப்பிப் போட, டயப்பர் மாற்ற உதவுவார். அது பெரிய உதவிதான், இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் அது மட்டுமே பாலியேட்டிவ் கேர் ஆகாது. வருபவர் பதிவுபெற்ற நர்ஸா, டாக்டர் யார், அவர் பாலியேட்டிவ் மருத்துவத்தில் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருவார் என்று கேளுங்கள். மாத நடுவில் அம்மா காலமாகிவிட்டால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். வாய் கூசும்தான். கேட்காமல் விட்ட குடும்பங்கள், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பில் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு குறையக் குறைய நீங்களே "ஒரு ட்ரிப்ஸாவது போடுங்க" என்று கெஞ்சுவீர்கள். எல்லாக் குடும்பமும் கேட்கும். தட்டில் சோறு மிஞ்சுவதைப் பார்க்க நம்மால் முடியாது. கேட்ட உடனே பாட்டிலைத் தொங்கவிட்டு பில்லில் ஏற்றுகிறவர்களைவிட, உங்களை உட்கார வைத்து விளக்குகிறவர்கள் மேல். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. ஏற்றும் நீர் நெஞ்சில் சளியாகவும் காலில் வீக்கமாகவும் சேரலாம். வாயை ஈரமாக வைத்திருப்பதும், கேட்டால் ஒரு ஸ்பூன் காபி கொடுப்பதும் அதைவிட ஆறுதல்.

அம்மாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் குழுவின் தரம் அப்பட்டமாகத் தெரியும். "அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "கவலைப்படாதீங்க, சரியாயிடும்னே சொல்லிடுறோம்" என்று ஒத்து ஊதுகிறவர்கள் வேண்டாம். "மறைக்கறது தப்பு, நாங்க சொல்லியே தீருவோம்" என்பவர்களும் வேண்டாம். பழகியவர்கள் முதலில் உங்கள் பயம் என்னவென்று கேட்பார்கள். பிறகு அம்மாவோடு தனியாக உட்கார்ந்து, "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா? தெரிஞ்சுக்கணும்னு இருக்கா, பசங்களே பார்த்துக்கட்டும்னு இருக்கா?" என்று கேட்பார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலான அம்மாக்களுக்குப் பாதிக்கு மேல் தெரிந்தே இருக்கிறது. பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள் மறைக்கிறார்கள். அம்மா தாங்க மாட்டார் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். நகையை யாருக்குக் கொடுப்பது, எந்த ஊரில் காரியம் செய்வது என்று அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும். வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று எழுதி வைக்க அவர் விரும்பினால் அதற்கும் வழி உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

வீட்டிலேயே உயிர் பிரிந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதி மருத்துவச் சான்று தருவது யார் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் தெருவில் டாக்டரைத் தேடி அலைவது கொடுமை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், மயானத்திலும் சான்று கேட்பார்கள்.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் வலி நிவாரண, ஆதரவு சேவையும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். தொண்டுக் குழு வாரம் ஒருமுறை வந்தால், நடுவில் புண் கட்டவும் டியூப் பார்க்கவும் இவர்கள் கை கொடுக்கலாம்.

நானாக இருந்தால் இப்படித்தான் செய்வேன்: மார்ஃபின் கேள்வியிலும் ராத்திரி போனிலும் தேறினால், வீட்டுக்கு வரும் தொண்டுக் குழுவிடம் அம்மாவை ஒப்படைப்பேன். ஹாஸ்பிஸிலும் இப்போதே பதிந்துவைப்பேன். வீட்டில் சமாளிக்க முடியாத வாரம் ஒன்று வந்தால் அங்கே போகலாம், வலி அடங்கியதும் திரும்பலாம். போனால் அங்கேயேதான் என்றில்லை. கம்பெனியிடம் பேக்கேஜ் வேண்டாம், ராத்திரிக்கு ஓர் அட்டெண்டர் மட்டும் போதும் என்பேன், நீங்களும் தூங்க வேண்டும் அல்லவா. ஒரு நோட்டு வாங்கி, அம்மா பத்துக்கு எத்தனை வலி என்று சொல்கிறார், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, மோஷன் போனாரா என்று இன்றே எழுதத் தொடங்குங்கள். புதிய குழு வரும்வரை இப்போதைய வலி மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். முதல் நாள் வருகிறவர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே புரட்டாமல் கட்டிலோரமாக உட்கார்ந்து படிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.